ஒற்றைச் சினைப்பையும் உளுந்தங்களியும்

என் வயிற்றுக்குள் என்னென்ன இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் இருபத்தொன்பது வயது வரை நினைத்திருந்தேன். எனக்குச் சம்பளம் கொடுப்பதே அதற்குத்தான். திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். மனித இனப்பெருக்கம் பாடம் வந்தால் புத்தகத்தைத் திறக்காமலே கரும்பலகையில் படம் போடுவேன். நடுவில் கருப்பை, அதிலிருந்து இரண்டு பக்கமும் விரிந்த கருக்குழாய்கள், அவற்றின் நுனிக்கு அருகில் பக்கத்துக்கொன்றாகச் சினைப்பை. வலது பக்கத்தை வரைந்துவிட்டு இடது பக்கத்தையும் அச்சு அசலாக அதே போலக் கொண்டுவருவதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. "ஸ்கேல் வைக்காமலே எப்படி மிஸ்?" என்று பிள்ளைகள் கேட்டால் அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடே தேவைப்படாது.

அந்தப் படம் என் உடம்போடு பொருந்தாது என்பதை ஒரு ஸ்கேன் அறையில் மல்லாந்து படுத்துக்கொண்டு தெரிந்துகொண்டேன். பட்ட வலியைச் சொல்வதைவிட, அந்த நாட்களில் நான் பார்த்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் வலியைச் சொல்லாமல் அங்கே போய்ச் சேர முடியாது.

திருப்புதல் தேர்வு விடைத்தாள் கட்டு ஒன்றைப் பீரோவின் அடித்தட்டிலிருந்து குனிந்து தூக்கினேன். வலது அடிவயிற்றில் யாரோ ஈரத்துணியை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பிழிந்தது போல ஒரு வலி. கட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆசிரியர் அறைக் கை கழுவும் தொட்டியில் காலையில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. என் வீட்டுக்காரர் ஜெயராஜ் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார்.

வீட்டில் அத்தை, அதாவது என் மாமியார், காரணத்தைக் கேட்டதுமே நோயைக் கண்டுபிடித்துவிட்டார். "குனிஞ்சு வெயிட்டத் தூக்குனயா? அப்பக் குடலேத்தம்தான். செத்த நேரம் படு. வெளக்கெண்ணெய தடவி ரெண்டு நீவு நீவுனா எறங்கிரும்."

பாரம் தூக்கினால் குடல் இடம் மாறி மேலே ஏறிக்கொள்ளும், எண்ணெய் தடவி நீவினால் இறங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அப்படியெல்லாம் குடல் ஏறாது என்று வகுப்பில் நான் நீட்டி முழக்குவேன். அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. வலி நின்றால் போதும் என்று படுத்தேன். அத்தையின் கை அடிவயிற்றில் பட்டதும் நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். அத்தை நெருப்பைத் தொட்டது போலக் கையை எடுத்தார்.

"ஏலே ஜெயராஜு, இது குடலேத்தம் இல்லடா. ஆட்டோவக் கூப்புடு." எண்ணெய்க் கையைக்கூடக் கழுவாமல் அவரும் ஏறி உட்கார்ந்துகொண்டார். அந்த வயதில் தன் கணிப்பைச் சட்டென்று மாற்றிக்கொள்கிறவர்கள் குறைவு. என் வலது பக்கம் தப்பிப் பிழைத்திருக்கிறது என்றால் முதல் நன்றி அந்த எண்ணெய்க் கைக்குத்தான்.

மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "வலது பக்கம்தான் வலிக்குது. குடல்வாலா இருக்கலாம்" என்றார்.

"அதுக்கு வாய்ப்பே இல்ல டாக்டர். பதிமூணு வயசுலயே எடுத்தாச்சு" என்று சொல்லித் தழும்பைக் காட்டினேன். அடிவயிற்றில், நடுவில், குறுக்காக ஒரு கோடு. அவர் அதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். குடல்வால் வலது பக்கத்தில் இருக்கும் என்று வருடம் தவறாமல் பாடம் நடத்துகிறவள் நான். என் தழும்பு ஏன் நடுவில் இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அம்மா குடல்வால் என்றால் குடல்வால்தான். அந்த ஆபரேஷன் பற்றி எனக்கு மங்கலாகத்தான் நினைவு. ஒன்று மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. ஆபரேஷன் முடிந்து சில வாரம் கழித்து அம்மா திடீரென்று உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றித் தந்தார். பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் கிண்டுகிற களி அது. நான்தான் முந்தைய வருடமே வயதுக்கு வந்து, களி சாப்பிட்டு முடித்தாயிற்றே, மறுபடி எதற்கு என்று கேட்டேன். "சாப்புடு" என்றார். சாப்பிட்டேன்.

ஸ்கேன் அறையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் டாக்டர். வயிற்றில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, கருவியை வைத்து அழுத்தி, திரையைப் பார்த்தார்.

"குடல்வால் நல்லாத்தானே இருக்கு" என்றார்.

"யாருக்கு டாக்டர்?"

"உங்களுக்குத்தான்."

அவர் கருவியை நகர்த்தினார். வலது சினைப்பை வீங்கிப் பெரிதாகி இருந்தது. அதில் ஒரு நீர்க்கட்டி. ரத்தம் ஓடினால் திரையில் சிவப்பும் நீலமுமாகப் பொட்டுப் பொட்டாகத் தெரியும். என் வலது சினைப்பையில் வண்ணமே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் அப்படியே கிடந்தது. பிறகு அவர் இடது பக்கம் போனார். தேடினார். என்னை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லித் தேடினார். மறுபடி தேடினார்.

"இடது ஓவரிய எப்பம்மா எடுத்தாங்க?"

என்னிடம் இல்லாத ஒன்றை நான் எத்தனை முறை அளவெடுத்தது போல வரைந்திருக்கிறேன் என்பதுதான் முதலில் மனதில் ஓடியது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

இதற்குள் அம்மா ஆத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்திருந்தார். கையில் ஜெபமாலை. அத்தை எனக்கு மாற்றுத்துணியும் கஞ்சியும் எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தார். மகப்பேறு மருத்துவர் எங்கள் மூன்று பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும், சுற்றி வளைக்காமல் பேசுகிறவர். அம்மாவைப் பார்த்து, "சின்ன வயசுல இவங்களுக்கு என்ன ஆபரேஷன் பண்ணுனாங்க? மறைக்காமச் சொல்லுங்க" என்றார்.

அம்மா டாக்டருக்குப் பதில் சொல்லவில்லை. மருமகனைப் பார்த்துத்தான் சொன்னார். "இதே மாதிரிதான் தம்பி வலிச்சுச்சு. எடது பக்கம். சுத்திக்கிட்டுக் கருத்துப் போச்சுன்னு எடுத்துட்டாக. குடல்வாலுன்னு ஊருக்கு நாந்தான் சொன்னேன். இவளுக்கும் அதையேதான் சொன்னேன். பொம்பளப் புள்ள. அந்த எடத்துல கத்தி பட்டுருச்சுன்னா நாளைக்கு யாரு கட்டுவா?"

ஜெயராஜ் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். திருமணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. அவர் தலையை நிமிர்த்துவதற்குள் நான் என்னென்னவோ நினைத்துவிட்டேன். அவர் அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. டாக்டரிடம், "இருக்கறதக் காப்பாத்திரலாமா மேடம்?" என்றார்.

டாக்டர் சொன்னது எனக்குத் தெரிந்த பாடம்தான். ஆனால் கேட்டபோது முதல்முறை கேட்பது போல இருந்தது. சினைப்பை ஒரு பாதாம் பருப்பை விடச் சற்றுப் பெரியது. ஒரு பக்கம் கருப்பையோடும் மறுபக்கம் இடுப்புச் சுவரோடும் கட்டப்பட்டுத் தொங்குகிறது. அதற்கு வருகிற ரத்தமெல்லாம் அந்தக் கட்டு வழியாகத்தான் வர வேண்டும். கட்டி வளர்ந்து கனம் கூடினால், குனிகையில் நிமிர்கையில் அது தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். ரத்தத்தைத் திருப்பி எடுத்துப் போகும் குழாய் மெல்லியது, அது முதலில் அடைபடும். கொண்டுவருகிற குழாய் தடித்தது, அது விடாமல் ரத்தத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே வந்தது வெளியே போக வழியில்லாமல் சினைப்பை வீங்கும், கருக்கும், கடைசியில் செத்துப்போகும். எனக்கு நினைவு வந்தது ஈரத்துணி. என் உடம்பு முதல் நொடியிலேயே சரியாகச் சொல்லியிருக்கிறது.

"இதுவும் போனா?" என்று நான்தான் கேட்டேன், பதில் தெரிந்திருந்தும்.

"முட்டை மட்டும் போறதில்லம்மா. எலும்பு, தூக்கம், தோலு, மனசு எல்லாத்துக்கும் அங்கருந்துதான் ஹார்மோன் வருது. அம்பது வயசுல நிக்க வேண்டியது இப்பவே நின்னுரும். அப்புறம் மாத்திரைலதான் ஓட்டணும். முன்னாடியெல்லாம் கருத்திருந்தா உடனே எடுத்துருவோம். இப்ப அப்படி இல்ல. கருப்பாத் தெரியறதெல்லாம் செத்துப்போனது இல்லன்னு தெரிஞ்சுருச்சு. சுத்தை எடுத்துவிட்டுப் பொறுத்துப் பாப்போம். ஆனா வாக்குக் குடுக்க முடியாது."

"கருப்பா இருந்தாலும் எடுத்துராதீங்க டாக்டர். இருக்கறதே அது ஒண்ணுதான்" என்றேன். நான் கெஞ்சிப் பேசியதே இல்லை. அன்று கெஞ்சினேன்.

மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது ஜெயராஜின் முகம் தெரிந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவர் குனிந்து, "இருக்கு" என்றார். "எடுக்கல. இருக்கு." மறுபடி தூங்கிப்போனேன்.

மறுநாள் காலை அதிகம் வலித்தது தோள்பட்டைதான். வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டுச் செய்கிற ஆபரேஷனில், உள்ளே இடம் கிடைக்க வாயுவை நிரப்புவார்களாம். மிச்ச வாயு மேலே போய் உதரவிதானத்தை உறுத்த, அதற்கும் தோளுக்கும் ஒரே நரம்பு என்பதால் தோள் வலிக்கும். நர்ஸ் இதைச் சொன்னபோது "ஆகா" என்றேன். "வலிக்குதுன்னு அழுறவங்களப் பாத்திருக்கேன், ஆகான்னு சொல்றவங்கள இப்பத்தான் பாக்குறேன்" என்று சிரித்தார்.

நடக்க ஆரம்பித்ததும் டாக்டர் தன் அறையில் கணினி முன்னால் என்னை உட்காரவைத்தார். "நீங்க பயாலஜி டீச்சராமே. பாக்குறீங்களா?" அம்மா ட்ரிப்ஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். அதுவரை அம்மாவோடு நான் பேசவில்லை. எனக்கு அடக்க முடியாத கோபம். பதினாறு வருடம் என் உடம்பைப் பற்றி எனக்கே பொய் சொல்லியிருக்கிறார். சாதம் ஊட்ட வந்தால் வாயை இறுக்கிக்கொண்டேன்.

திரையில் படம் ஓடியது. முதலில் ரோஜா நிறத்தில் ஈரமாக மினுங்கிக்கொண்டு ஒரு கவிழ்த்த கொய்யா. என் கருப்பை. இத்தனை சிறியதா? பாடப்புத்தகத்தில் அது பக்கம் முழுக்க நிற்கும். பிறகு கேமரா வலது பக்கம் திரும்பியது. அங்கே நாவல்பழ நிறத்தில், பழுத்து வெடிக்கப்போவது போல ஒன்று கிடந்தது. அதன் அடியில் திருகிய கயிறு மாதிரி அதன் கட்டு. பளபளக்கும் இரண்டு கருவிகள் உள்ளே வந்து அதைப் பூப்போலத் தொட்டுத் திருப்பின. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பிறகு பாதி. கட்டியைக் கீறி நீரை உறிஞ்சி எடுத்தார்கள். வெதுவெதுப்பான உப்புநீர் ஊற்றினார்கள். அதன் பிறகு திரையில் எதுவும் நடக்கவில்லை.

"இங்கதான் நாங்க காத்துக்கிட்டு இருந்தோம்" என்றார் டாக்டர்.

நாங்களும் காத்திருந்தோம். அந்தக் கருத்த உருண்டை அப்படியே கிடந்தது. முடிவு தெரிந்த கதைதான். இருந்தும் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். முதலில் ஓரத்தில் ஒரு நூலளவு. கருப்பு கரைந்து கருஞ்சிவப்பானது. நூல் கொஞ்சம் அகலமானது. மேல் தோலில் மயிரிழை போல ஒரு ரத்தக்குழாய் தெரிந்தது, அதில் மெல்லிய துடிப்பு. முழுவதும் மாறவில்லை, பாதிக்கு மேல் இன்னும் ஊதா நிறம்தான். ஆனால் மாற ஆரம்பித்துவிட்டது.

"ஆத்தாடி" என்றார் அம்மா.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு 'சினைப்பை' என்று அம்புக்குறி இட்டு இரண்டு மதிப்பெண் வாங்கித்தரும் பொருளாகத்தான் அதை வைத்திருந்தேன். அது உயிருக்குப் போராடி மூச்சு வாங்குவதைப் பார்ப்பேன் என்று கனவிலும் நினைக்கவில்லை.

பிறகு டாக்டர் இடது பக்கத்தைக் காட்டினார். அங்கே கருக்குழாய் மட்டும் தனியாக இருந்தது. அன்று சினைப்பையை மட்டும்தான் எடுத்திருக்கிறார்கள். குழாயின் நுனியில் விரல்கள் போன்ற சின்னச் சின்ன மடிப்புகள், நீரில் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. சினைப்பையும் குழாயும் ஒட்டியிருப்பதில்லை. சினைப்பையை உடைத்துக்கொண்டு முட்டை வெளியே வரும்போது இந்த விரல்கள்தான் அதைத் துழாவிப் பிடித்து உள்ளே அனுப்புகின்றன.

"இதுக்குத்தான் ஓவரியே இல்லையே. சும்மாதானே இருக்கும்?" என்றேன்.

"யாரு சொன்னது? கருப்பைக்குப் பின்னாடி அந்த ஓவரியும் இந்தக் குழாயும் பக்கம் பக்கமாத்தான் கெடக்குது. வலது பக்கம் வந்த முட்டைய இடது குழாய் எட்டிப் பிடிச்சுக் கொழந்தை உண்டானவங்களும் இருக்காங்க."

பதினாறு வருடமாக எதிரே யாருமில்லாமல் அந்த விரல்கள் துழாவிக்கொண்டே இருந்திருக்கின்றன. உடம்புக்கு இப்படி ஒரு விடாப்பிடி உண்டு என்று எந்தக் கேள்வித்தாளிலும் கேட்டதில்லை.

அம்மா மெதுவாக, "அந்த முட்டையெல்லாம் எப்ப டாக்டர் உண்டாகுது? மாசாமாசமா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. இவங்க உங்க வயித்துல இருக்கும்போதே எல்லாம் உண்டாயிருச்சு. மாசாமாசம் முத்துறது மட்டும்தான் நடக்குது."

ஒரு மதிப்பெண் வினா. எத்தனையோ பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். அம்மா இப்போதுதான் கேட்கிறார். திரையில் இருந்த அந்த ஊதா உருண்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அது அம்மாவுக்குள் செய்தது, இரவல் வாங்கியது போல நான் வைத்திருக்கிறேன் என்று எனக்குத் தோன்றியது. என் கோபம் அந்த இடத்திலேயே பாதி இறங்கிவிட்டது. வார்டுக்குத் திரும்பியதும், "பசிக்குதும்மா" என்றேன்.

ஊட்டிக்கொண்டே அம்மா சொன்னார்: "அப்ப ஒண்ண எடுத்ததும், இன்னொண்ணு வேல செய்யுமான்னு டாக்டர்ட்டக் கேட்டேன். திரும்ப வீட்டுக்குத் தூரமானா வேல செய்யுதுன்னு அர்த்தம்னாரு. நாளுக்கு நாள் ஒம் மூஞ்சியவே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். யாருகிட்டயும் சொல்லவும் முடியல. நீ ஆனதும் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்து களி கிண்டுனேன். ஒனக்கு நெனப்பு இருக்காது."

"இருக்கு" என்றேன்.

வீட்டுக்கு வந்தோம். பில் தாள்களை ஜெயராஜ் எனக்குக் காட்டாமல் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, "கடை ஓடும், நீ தூங்கு" என்றார். அத்தையிடம், கட்டி சுற்றிக்கொண்டது, சரிசெய்தாயிற்று என்று மட்டும் சொல்லியிருந்தார். இடது பக்கத்துக் கதை அத்தைக்குத் தெரியாது. அவர் பூண்டு ரசமும் நெஞ்செலும்பு சூப்புமாக என்னை நனைத்தெடுத்தார்.

ஆபரேஷன் முடிந்த சில நாளிலேயே கொஞ்சம் ரத்தப்போக்கு வந்தது. துள்ளிக் குதித்து டாக்டருக்கு போன் செய்தேன். "அதக் கணக்குல எடுக்காதீங்க. அடிபட்ட அதிர்ச்சில ஹார்மோன் குறைஞ்சாலும் வரும். இதுக்கு அடுத்தது ஒழுங்கா வருதான்னு பாப்போம்" என்றார். இடையில் ஸ்கேனில் வண்ணப் பொட்டுகள் தெரிந்தன. "ரத்தம் ஓடுது. வேலைக்குத் திரும்பிருச்சான்னு உங்க உடம்புதான் சொல்லணும்."

எங்கள் வீட்டில் அந்த நாள் எப்போதும் ஒரு மாதிரிதான். மூன்று வருடமாக ஒவ்வொரு மாதமும் நான் குளியலறையிலிருந்து வெளியே வரும் முகத்தைப் பார்த்தே அத்தை தெரிந்துகொள்வார். திட்ட மாட்டார். "சரி விடு, அடுத்த மாசம் பாப்போம்" என்பார். அதுவே போதும், அன்று சோறு இறங்காது. இப்போது அதே நாளுக்காகத் தவம் கிடந்தேன். தள்ளிப்போகக் கூடாதே என்று வேண்டிக்கொண்ட மருமகள் எங்கள் தெருவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன். அம்மாவுக்கு போன் போட்டு, "வந்துருச்சும்மா" என்றேன். அம்மா உடனே போனை வைத்துவிட்டார்.

மதியத்துக்குள் அம்மா ஆத்தூரிலிருந்து வந்து இறங்கினார். கையில் கறுப்பு உளுந்து மாவு, கருப்பட்டி, ஒரு பாட்டில் நல்லெண்ணெய். நேராக அடுப்படிக்குப் போய்ச் சட்டியை ஏற்றினார். அத்தை என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன சம்பந்தி இது? மாசாமாசம் வர்றதுக்குப் போயி உளுந்தங்களியா? நல்ல சேதியா இருந்தா கிண்டலாம்."

நான் குறுக்கே புகுந்து எதையாவது சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். அம்மா துடுப்பை நிறுத்தவில்லை. கிண்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"நல்ல சேதிதான் சம்பந்தி. எம் புள்ளைக்குச் சினைப்பை ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ண பதிமூணு வயசுலயே எடுத்தாச்சு. ஒங்ககிட்டக் குடல்வாலுன்னு சொல்லித்தான் கட்டிக் குடுத்தேன். இருந்த ஒண்ணும் கருத்துப் போயி, இப்பத் திரும்ப உசுரு வந்து வேல செய்யுது. அதுக்குத்தான் இந்தக் களி."

அம்மாவின் முதுகு விறைத்து நின்றது. அத்தை அருகே போய்ச் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுதானா?" என்றார்.

"ஒண்ணுதான்."

"அப்ப இம்புட்டு நாளா ரெண்டு ஆளு வேலைய அது ஒத்தையாளாப் பாத்துக்கிட்டு இருந்துருக்கு." அத்தை நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தார். "என்ன சம்பந்தி நீங்க, எண்ணெய இப்படிச் சிக்கனமா ஊத்துறீக? தள்ளுங்க."